பேச்சு நின்ற பத்தாம் நாள்

பனிக்காலம் முழுக்க ஊர்த் தெருக்களில் விழுந்த பனியை வண்டியால் தள்ளி நகரசபையில் சம்பளம் வாங்குகிற ஒருவன், கிடைத்த ஒரே விடுமுறை நாளில் அதைவிட அதிகப் பனி எங்கே கிடக்கிறது என்று தேடிப் போகிறான் என்றால், அவனைப் பற்றி யாரும் உயர்வாக நினைக்க முடியாது. குனிஹிகோவே தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டதில்லை. ஐம்பத்தாறு வயது. குனிந்தால் மூச்சு வாங்குகிற அளவுக்குத் தொப்பை. மேற்கு அசுமா மலையில், பனிச்சறுக்குக்காரர்களுக்கான கடைசி லிஃப்ட் இறக்கிவிடுகிற மேட்டில் உட்கார்ந்து, அந்தத் தொப்பையோடு சமாதானம் பேசியபடி, பூட்ஸுக்கு அடியில் பனி மிதியடியைக் கட்டிக்கொண்டிருந்தான். சின்ன முறம் அளவுக்கு ஒரு சட்டம், அடியில் இரும்புப் பற்கள், மேலே நாலு வார். அதைக் கட்டாமல் இறங்கினால் இடுப்பு வரை புதையலாம். கட்டிக்கொண்டு இறங்கினால் முழங்கால் வரை புதையலாம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் மனிதன் இவ்வளவு பாடு படுகிறான்.

பக்கத்தில் சயோகோவும் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி. அவளுடைய வாரை இறுக்கிவிட அவன் கை தன் போக்கில் நீண்டது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள். கையை அப்படியே திரும்பக் கொண்டுவர வெட்கமாக இருந்ததால், அவன் பக்கத்திலிருந்த பனியைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தான், ஏதோ தரம் பார்ப்பவன் போல.

இருவரும் பேசிப் பத்து நாளாகிவிட்டது. பேசாமல் என்றால் முழுக்கப் பேசாமல் இல்லை. குளியல் தொட்டியில் வெந்நீர் நிரம்பிவிட்டது, குப்பை போடும் நாள் நாளைக்கு, இந்த மாதிரி அறிவிப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ரயில் நிலையத்தில்கூட அதைவிட அன்பான குரலில் சொல்வார்கள்.

சயோகோ பல் செட் செய்கிறவள். அவர்கள் ஊரான யோனெசாவாவில் பாதிக் கிழவர்கள் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவளுக்கு ஒதவாராவிலிருந்து, அதாவது பனியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிற அந்தக் கடற்கரை ஊரிலிருந்து, ஒரு பெரிய பல் பட்டறை வேலைக்கு அழைத்திருந்தது. எட்டுப் பேருக்குத் தலைமை. ஏப்ரலில் சேர வேண்டும். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். பத்து நாளைக்கு முன்பு இரவுச் சாப்பாட்டில் இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். குனிஹிகோவின் வாயில் முள்ளங்கி ஊறுகாய் இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டு, “அப்படியா” என்றான். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மூட்டை கட்டிவைத்திருந்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். போகாதே என்றால் அவள் போகமாட்டாள். ஆனால் மிச்ச ஆயுளில் செதுக்குகிற ஒவ்வொரு பல்லிலும் அதை நினைத்துக்கொள்வாள். போ என்றால், எப்போது தொலைவாள் என்று காத்திருந்தவன் போல ஆகிவிடும். நானும் வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் பனி விழாத ஊரில் பனி தள்ளுகிறவனுக்கு என்ன வேலை? இப்படி மூன்று பக்கமும் முட்டிக்கொண்டு அவன் நடுவில் நின்றுவிட்டான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் போய், இன்று சனிக்கிழமை.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை மலையுச்சிக் குடிலுக்கு நடந்துபோய், தேநீர் குடித்துவிட்டு இறங்குவது அவர்களுடைய மலைநடைக் கூட்டத்தின் வழக்கம். ஆறு பேர் கூட்டம். இந்த வருடம் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குக் காய்ச்சல், ஒரு தம்பதிக்குப் பேரன் பிறந்திருந்தான். மிஞ்சியது இவர்கள் இருவர். இவர்களும் நின்றுவிட்டிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. இருவரும் சொல்லாததால் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

லிஃப்டுக்கு மேலே ஒரு காலடிகூட இல்லை. முந்தின மூன்று நாள் பனி எல்லாவற்றையும் மூடித் தடவிவிட்டிருந்தது. புதுப் பனியில் முதலில் போகிறவனுக்குத்தான் உயிர் போகும்; பின்னால் வருகிறவருக்கு அவன் போட்ட தடத்தில் உலா. அதனால் இந்தப் பக்கத்து மலைகளில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, வெறும் உடம்போடு ஐம்பது அறுபது அடி பனியை மிதித்துத் தடம் போடுவான். பிறகு அதே தடத்தில் திரும்பி வந்து பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போவான். ஒரே தூரத்தை மூன்று தரம் நடக்க வேண்டும். ஆனாலும் களைத்துவிட்டேன் என்று முன்னால் போகிறவன் வாய்விட்டுச் சொல்வதில்லை. பின்னால் இருப்பவர்தான் அவன் தோள் தொங்குவதைப் பார்த்து, “மாறிக்கலாமா?” என்று கேட்க வேண்டும். கேட்டால், இன்னும் தெம்பு இருக்கிறது என்று ஒரு தடவை மறுத்துவிட்டு அவன் ஒதுங்கி வழி விடுவான். இது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்பது, பின்னால் வருகிறவர் உங்களோடு பேசாத அன்றைக்குத்தான் தெரியும்.

சயோகோ கேட்கவில்லை. குனிஹிகோ சொல்லவில்லை. அவன் மிதித்தான், திரும்பினான், பையைத் தூக்கினான், நடந்தான், வைத்தான், மிதித்தான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தடத்தில் அவளைத் தாண்டி வர வேண்டும். அவள் ஓரமாக ஒதுங்குவாள். வங்கியில் வரிசையில் நிற்கிற அந்நியரிடம் செய்வது போல இருவரும் லேசாகத் தலையை அசைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம்.

பதினொரு மணிவாக்கில் மேகம் இறங்கியது. சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்புகள் வழிக்கு அடையாளமாக நட்டிருக்கும். அவை ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் கரைந்தன. வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஊசியிலை மரங்கள் மட்டும் அங்கங்கே நின்றன. அவற்றை மரமென்று சொன்னால் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். காற்று கொண்டுவந்து அப்பிய உறைபனியில் கிளை, இலை எல்லாம் மறைந்து, தலையும் தோளுமாக, போர்வை போர்த்திய ஆட்கள் போல நின்றன. ஒன்று இடுப்பில் கைவைத்துக் கடன் கேட்டது. ஒன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நகரசபைத் தலைவரை உரித்துவைத்தாற்போல ஒன்று இருந்தது. பழக்கதோஷத்தில் அதற்கு வழிவிட்டு விலகி நடந்தான்.

களைப்பு ஒரு எல்லையைத் தாண்டியதும் வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கால்கள் வேறு யாருடையவோ போல நடந்தன. பனி விழும்போது சத்தம் இல்லை என்பார்கள். அது பொய். இமைமேல் விழுகிற பனிக்கு ஒரு சின்னச் சத்தம் உண்டு, தூங்குகிற குழந்தை உதட்டைப் பிரிக்கிற மாதிரி. குனிஹிகோவுக்குத் தான் கடலடியில் நடப்பதாகத் தோன்றியது. அலையெல்லாம் மாவாகி மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே வெகு உயரத்தில் ஒதவாராவின் மீன் படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடிவயிறுகூடத் தெரிந்தது. இவ்வளவு இதமான இடத்துக்கா போகப் பயந்தோம் என்று நினைத்தான்.

பின்னால் மிதியடிச் சத்தம் கேட்டது. சர்ரக், சர்ரக். அவள் வந்துகொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் அவனைத் தள்ளிக்கொண்டு போக, அவன் ஐம்பது அடியைத் தாண்டினான், நூறைத் தாண்டினான், எண்ணுவதை விட்டான். திடீரென்று சரிவு முடிந்து கால் சமதளத்தில் நின்றது. மேஜை போல அருமையான சமதளம். இந்த மலையில் இப்படி ஓர் இடம் இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. குடில் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மிதியடியோடு சட்டென்று திரும்ப முடியாது; முழு வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்தால் மறுபடி “அப்படியா”தான் வரும். அவன் மேகத்தைப் பார்த்துப் பேசினான்.

“அம்மா” என்றான். மகள் பிறந்ததிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவளும் அவனை அப்பா என்பாள். மகள் செண்டாயில் வேலைக்குப் போய் எட்டு வருடமாகியும் அது மாறவில்லை. இது அம்மாவிடம் சொல்கிற விஷயம் இல்லை என்று பட்டது. “சயோகோ” என்றான். சொல்லிப் பல வருடமான பெயர் வாயில் புதுப் பல் போல இடித்தது.

“அன்னிக்கு அப்படியான்னேன்ல, அது பதில் இல்ல. வாயில ஊறுகா இருந்துது. நீ போகணும். எட்டுப் பேருக்கு மேல உன்ன உக்கார வைக்கிறாங்க, அவங்களுக்குக் கண்ணு இருக்கு. நானும் வரேன். வந்து என்ன பண்ணுவேன்னு தெரியல. பனியத் தள்ளுவேன், வேற ஒண்ணும் தெரியாது. கடல எங்க தள்றது? சமைப்பேன். துணி துவைப்பேன். அங்க பிப்ரவரிலயே துணி வெளிய காயுமாமே. உன் பட்டறை வாசல்ல சாப்பாட்டு டப்பாவ வச்சுக்கிட்டு நிக்கிற ஆளா ஆயிடுவேனோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா நீ இல்லாத வீட்டு வாசல்ல பனி விழுந்து, அத நானே தள்ளிட்டு, நானே உள்ள போயி... அதுக்கு டப்பா தேவல.”

ஒரே நாளில் அவன் இவ்வளவு பேசியது, வண்டி ஓட்டும் உரிமத்துக்கு வாய்மொழித் தேர்வு கொடுத்த அன்றைக்கு அப்புறம் இன்றுதான்.

பதில் வரவில்லை. அவன் காத்திருந்தான். அவளுக்குக் கோபம் ஆற நேரம் வேண்டும்தான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். எங்கேயோ தொப்பென்று பனிக்கட்டி சரிந்து விழுந்தது. கடைசியில் தைரியத்தைத் திரட்டி, வாத்து போல வட்டமடித்துத் திரும்பி, மரியாதையாகத் தலை குனிந்தான். நிமிர்ந்து பார்த்தால், எதிரே, தடத்தை ஒட்டி ஒரு மரம். சயோகோ உயரம்தான் இருக்கும். தலையைச் சற்றுச் சாய்த்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கிளையிலிருந்து பனி உதிர்ந்துகொண்டிருந்தது. சர்ரக், சர்ரக்.

அப்போதுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. தடம் போட்டவன் பைக்குத் திரும்பவே இல்லை. முப்பது வருட மலைநடையில் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை.

தடத்தில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் மேகத்துக்குள்ளிருந்து ஏதோ பெரிய உருவம் வந்தது. முன்னும் பின்னும் வீங்கியிருந்தது. சயோகோதான். முதுகில் தன் பை, மார்பில் அவன் பை, முகம் செக்கச்செவேல் என்று.

“எங்க போயிட்ட?” என்றாள். அறிவிப்புக் குரல் இல்லை, நடுங்கிய குரல். அவள் மிதியடி வார் அவிழ்ந்துவிட்டதாம். உட்கார்ந்து கட்டியிருக்கிறாள். கூப்பிட மனசு வரவில்லை. கட்டி முடித்து நிமிர்ந்தால் ஆளைக் காணோம். பை மட்டும் கிடக்கிறது. பைக்கு வந்துவிடுவான், பைக்கு வந்துவிடுவான் என்று நின்றிருக்கிறாள். வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் தான் என்னவெல்லாம் நினைத்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. பையை அவன்மேல் எறிந்தாள், அவ்வளவுதான்.

“மேல என்ன பண்ணிட்டிருந்த?”

“ஒண்ணுமில்ல” என்றான் குனிஹிகோ. சொன்னவுடன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கையுறை மிகத் தடிமன், பிரயோஜனம் இருக்காது.

இருவரும் சமதளத்துக்கு ஏறினார்கள். குடிலைக் காணோம் என்று அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போது, சயோகோ அவன் காலடியையே பார்த்தாள். அவன் மிதியடிக்கு ஒரு சாண் தள்ளி, பனியிலிருந்து ஒரு தகரக் குழாய் நுனி எட்டிப் பார்த்தது. அதிலிருந்து மிசோ சூப் வாசனையோடு ஆவி வந்துகொண்டிருந்தது.

“அப்பா, நீ கூரைமேல நிக்கிற.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எந்த மேட்டுக்கு அடியில் எந்த வீடு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் என்று நகரசபையில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. நல்லவேளை, சக ஓட்டுநர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

குடிலின் மாடிக் கதவு மறுபக்கம் இருந்தது. ஃபுகுஷிமா பக்கத்திலிருந்து ஏறி வந்த யாரோ அதை வாசல் அளவுக்குத் தோண்டிவைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பெண்கள், எழுபது வயது இருக்கும். ஒருத்தி நிஹேய், குண்டு. இன்னொருத்தி கன்னோ, ஒல்லி. தபால் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்களாம். சின்ன அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சோற்று உருண்டைகள் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. இவர்கள் உள்ளே நுழைந்ததும் இருவரும் குனிஹிகோவைத் தலையிலிருந்து மிதியடி வரை ஒரு பார்வை பார்த்தார்கள். கன்னோ அம்மாள் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நிஹேய் அம்மாள் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

“மேல பேசுனது நீங்கதானா தம்பி?” என்றாள். “மலைத் தெய்வந்தான் வந்துருச்சோன்னு நான் கைகூப்பிட்டேன். அப்புறம் துணி காயிறதப் பத்திப் பேச்சு வந்துது. தெய்வத்துக்கு எதுக்குத் துணிக் கவலைன்னு இவ சொன்னா.”

கன்னோ அம்மாள் குறையைச் சொன்னாள். டப்பா என்றதோடு பேச்சு நின்றது, கொஞ்ச நேரத்தில் கூரையோரத்துப் பனி சரிந்துவிட்டது, அதற்கப்புறம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அதிலிருந்து இருவரும் ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சயோகோ இந்த முகத்தையும் அந்த முகத்தையும் பார்த்தாள். “இவரா? பேசினாரா? யார்கிட்ட?”

“அது அவரே சொல்லட்டும்மா. நாங்க தபால் ஆபீஸ்காரங்க. அடுத்தவங்க கடுதாசியப் படிச்சுச் சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல.”

சூப் மட்டும் கொதித்தது. குனிஹிகோ தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான்; அங்கே உதவி ஒன்றும் இல்லை. மேலே மரத்திடம் அவ்வளவு அழகாக வந்த பேச்சில் ஒரு வரிகூட இப்போது ஞாபகம் வரவில்லை. மூன்று பெண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒதவாராவுக்கு நானும் வரேன்” என்றான்.

அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. கன்னோ அம்மாளின் முகத்தில், இதற்கா இவ்வளவு நேரம் பசியோடு இருந்தோம் என்பது போல ஒரு சின்ன ஏமாற்றம்.

சயோகோ கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அங்க பனி விழாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“வந்து என்ன பண்ணுவ?”

“தெரியல.”

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு பல் செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே இடிக்கும் என்று கண்டுபிடிக்கிற பார்வை அது. பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள்.

“நீ தடுப்பேன்னு நெனச்சேன்” என்றாள். “போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுவ, உன்மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா இங்கயே இருந்துடலாம்னு பத்து நாளாக் காத்திருந்தேன். எனக்குப் பயமா இருக்குப்பா. எட்டுப் பேரும் புது மெஷின்லதான் பல் செய்வாங்களாம், எனக்கு அது தெரியாது. நீ இப்படிச் சொல்லிட்டா நான் நெஜமாவே போகணுமே.”

குனிஹிகோவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்த முறை தெரியவில்லை என்பதையே வாய்விட்டுச் சொன்னான். எனக்கும் தெரியல, ரெண்டு பேரும் தெரியாமலே போலாம், மெஷினுக்குப் புத்தகம் இருக்கும், நான் படிச்சுக் காட்டறேன் என்றான். அந்த மெஷின் புத்தகம் ஜெர்மன் மொழியில் இருக்குமாம். அப்படியானால் படங்களைக் காட்டுகிறேன் என்றான்.

நிஹேய் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டாள். கன்னோ அம்மாள் சோற்று உருண்டையைப் பிரித்து இருவர் கையிலும் ஆளுக்கொன்று திணித்துவிட்டுத் தானும் ஒரு கடி கடித்தாள். ஒதவாராவில் மீனை அப்பளமாகப் பொரித்து விற்பார்கள், அதை வெறும் வயிற்றில் சாப்பிடக்கூடாது என்று, தான் போயே இராத ஊரைப் பற்றி ரொம்ப நிச்சயமாகச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது மேகம் கிழிந்து வெயில் விழுந்திருந்தது. சரிவு முழுக்க வெள்ளை ஆட்கள் நூற்றுக்கணக்கில் நின்றார்கள், எல்லோர் நிழலும் நீலம். அவன் போட்ட தடம் அவர்களுக்கு நடுவே குடிகாரன் வீட்டுக்குப் போன மாதிரி வளைந்து வளைந்து இறங்கியது.

சயோகோ முன்னால் நடந்தாள். பத்து நாள் தேங்கிய பேச்சு அணை உடைந்து கொட்டியது. வீடு தேடுவது, தொப்பையைக் குறைப்பது, மகளிடம் யார் சொல்வது, கோவில் குருக்களின் கடைவாய்ப் பல்லை மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். காற்றில் பாதி அவன் காதுக்கு எட்டவில்லை. எட்டிய பாதிக்கு உம் கொட்டினான். எட்டாத பாதிக்கும் சேர்த்துக் கொட்டினான். இருபது அடிக்கு ஒரு தடவை அவள் பேச்சை நிறுத்தி, மிதியடியோடு பாடுபட்டு முழு வட்டமடித்துத் திரும்பி, அவன் பின்னால் வருகிறானா என்று பார்த்தாள். அவன் வந்துகொண்டிருந்தான்.